இருக்கச் சொன்னால் இருக்கும் செல்கள்

மூட்டுவாதத்துக்கோ ஆஸ்துமாவுக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவரிடம் மருத்துவர் மறக்காமல் சொல்லி அனுப்புவது ஒன்று உண்டு: "நீங்களா நிறுத்திடாதீங்க. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்." மருந்துச் சீட்டிலும் 20 மில்லிகிராம், 15, 10, 5 என்று அளவு படிப்படியாக இறங்கிவரும். இந்த ஜாக்கிரதையை மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது உயிர்ச்சேதத்தின் வழியாக. 1952இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஃப்ரேசர், ப்ரூஸ், பிக்ஃபோர்டு என்ற மூன்று மருத்துவர்கள் ஒரு நோயாளியின் கதையை எழுதினார்கள். மாதக்கணக்கில் கார்ட்டிசோன் எடுத்துவந்த மூட்டுவாத நோயாளி அவர். இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு ரத்த அழுத்தம் சரிந்தது, என்ன செய்தும் ஏறவில்லை. பிரேதப் பரிசோதனையில் அவருடைய இரண்டு அட்ரீனல் சுரப்பிகளும் சுருங்கிப்போயிருந்தன.

கார்ட்டிசோன் அப்போது கொண்டாட்டத்தின் உச்சியில் இருந்த மருந்து. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் முதல் மூட்டுவாத நோயாளிக்கு ஊசி போட்டு, 1950இலேயே ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்துவிட்டது. அந்த மருந்து, தன்னை இயல்பாகச் சுரக்கும் சுரப்பியையே கரைத்துவிடும் என்பது மருத்துவமனைகளுக்குப் பேரதிர்ச்சி. ஆனால், எலிகளை வைத்து வேலை செய்தவர்களுக்கு இது பழைய செய்தி.

அட்ரீனல், சிறுநீரகத்தின் உச்சியில் குல்லாய்போல உட்கார்ந்திருக்கும் சின்னச் சுரப்பி. வளர்ந்தவர்களுக்கு ஒவ்வொன்றும் நாலைந்து கிராம்தான் இருக்கும். புறணி என்ற மஞ்சள் நிற வெளிப்பகுதி கார்ட்டிசால், ஆல்டோஸ்டிரோன் முதலிய ஸ்டீராய்டுகளைச் செய்கிறது. அகணி என்ற உட்பகுதியில் அட்ரீனலின் சுரக்கிறது. கார்ட்டிசால் செய்யும்படி புறணிக்கு உத்தரவு மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரியிலிருந்து வருகிறது. அந்த உத்தரவு ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன். ரத்தத்தில் கார்ட்டிசால் போதுமான அளவு இருந்தால் பிட்யூட்டரி உத்தரவைக் குறைத்துக்கொள்ளும். மாத்திரையாக உள்ளே போகும் ஸ்டீராய்டையும் அது கார்ட்டிசால் என்றே எடுத்துக்கொள்கிறது.

1930இல் ஃபிலிப் ஸ்மித் எலிகளின் பிட்யூட்டரியை மட்டும் நுணுக்கமாக அகற்றிப் பார்த்தார். அட்ரீனல் புறணி சுருங்கியது. வேறு எலிகளின் பிட்யூட்டரித் துணுக்குகளைத் தினமும் உள்ளே பதித்தபோது மறுபடியும் பெருத்தது. 1937இல் மேயோ கிளினிக்கின் ட்வைட் இங்கிலும் எட்வர்டு கெண்டலும் எதிர்த்திசையிலிருந்து வந்தார்கள். பிட்யூட்டரியைத் தொடாமல், அட்ரீனல் சாற்றையே எலிகளுக்கு நிறையக் கொடுத்தார்கள். அப்போதும் புறணி சுருங்கியது. கார்ட்டிசோன் மருந்தாவதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முன்னதாகவே அதன் ஆபத்து அச்சில் வந்துவிட்டது.

இந்தச் சுருக்கத்துக்கு அன்று எல்லோரும் வைத்திருந்த பெயர் 'நலிவு'. செல்கள் ஒவ்வொன்றும் இளைத்துப்போகின்றனவா, அல்லது எண்ணிக்கையே குறைகிறதா? குறைகிறது என்றால் போனவை எங்கே? சீழ் இல்லை, வீக்கம் இல்லை, தழும்பு இல்லை. பத்துப் பேர் காணாமல் போன வீட்டில் ஒரு பொருள்கூடக் கலையாமல் இருந்தால் எழும் திகைப்பு அது.

அட்ரீனல் புறணியில் செல்கள் பிறந்து சாகின்றன என்ற எண்ணம் இந்தப் பரிசோதனைகளைவிடப் பழையது. 1883இல் கோட்சாவ் என்ற ஜெர்மன் உடற்கூறியலாளர், செல்கள் சுரப்பியின் வெளியோரத்தில் தோன்றி மெல்ல உள்நோக்கி நகர்ந்து, புறணியின் கடைசி அடுக்கில் அழிகின்றன என்று எழுதியிருந்தார். நகர்வைப் பற்றி அவர் சொன்னது பெரும்பாலும் சரியென்று மரபணு அடையாளமிட்ட எலிகளை வைத்து இந்த நூற்றாண்டில்தான் உறுதி செய்தார்கள். கடைசி அடுக்கில் நடக்கும் சாவைக் கண்ணால் பார்க்கும் வேலை மட்டும் 1970 வாக்கில் ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள அபர்டீன் நகருக்கு வந்து சேர்ந்தது.

அலஸ்டர் கரி அங்கே நோய்க்குறியியல் பேராசிரியர். அதற்கு முன் கிளாஸ்கோவில் தாமஸ் சிமிங்டனோடு சேர்ந்து மனித அட்ரீனல் புறணியை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். சுரப்பியின் எந்த அடுக்கில் என்ன நடக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. அவரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்த இளம் மருத்துவர் ஆண்ட்ரூ வைலி. எலிகளுக்கு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தால் பிட்யூட்டரி அடங்கும், ஏ.சி.டி.எச். வராது, புறணி சுருங்கும். இதுவரை தெரிந்த கதைதான். சுருங்கி முடிந்த பிறகு பார்க்காமல், சுருங்கிக்கொண்டிருக்கும்போதே சுரப்பியை வெட்டி எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தது இவர்கள் சேர்த்த புது வேலை.

தெரிந்தது வினோதமாக இருந்தது. அக்கம்பக்கத்துச் செல்கள் எல்லாம் சாதாரணமாக இருக்க, நடுவில் ஏதாவது ஒரு செல் மட்டும் தன் அண்டைகளிடமிருந்து விலகிச் சுருங்கும். அதன் நியூக்ளியஸுக்குள் இருக்கும் குரோமாட்டின் திரண்டு, உறையின் உட்புறத்தில் பிறைபிறையாக ஒட்டிக்கொள்ளும். செல்லின் மேற்பரப்பு கொப்புளங்களாகப் பொங்கும். பிறகு அது பல உருண்டைகளாகப் பிரியும். ஒவ்வோர் உருண்டையையும் ஒரு சவ்வு மூடியிருக்கும், உள்ளே மைட்டோகாண்ட்ரியாக்கள் பழுதில்லாமல் இருக்கும். அந்த உருண்டைகளைப் பக்கத்துச் செல்களும் விழுங்கணுக்களும் எடுத்துச் செரித்துவிடும். ஒரு செல்லின் அடையாளம் திசுவில் தெரிவது சில மணி நேரமே. நூறு செல்லில் ஓரிரண்டு இப்படி இருந்தாலே சில நாள்களில் சுரப்பி கணிசமாகச் சிறுத்துவிடும். இத்தனை தலைமுறை நோய்க்குறியியலாளர்கள் கண்ணெதிரே இருந்ததைக் காணாமல் கடந்ததற்கு இதுதான் காரணம்.

அந்த எலிகளுக்கு ஏ.சி.டி.எச். ஊசி போட்டபோது சாவு நின்றது.

இந்த இடத்தில் ஆஸ்திரேலியா குறுக்கிடுகிறது. பிரிஸ்பேனைச் சேர்ந்த ஜான் கெர் 1960களின் தொடக்கத்தில் லண்டனில் ஆய்வு மாணவராக இருந்தபோது, எலிகளின் கல்லீரலுக்குப் போகும் ரத்தக் குழாயின் கிளைகளைக் கட்டிவிட்டு, கல்லீரல் மெதுவாகச் சிறுப்பதைக் கவனித்தார். ரத்தம் அறவே நின்ற பகுதிகளில் செல்கள் கூட்டமாக ஊதி வெடித்தன. அது எல்லோருக்கும் தெரிந்த திசு அழுகல். ஓரளவு ரத்தம் வந்த பகுதிகளிலோ, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செல்கள் சின்ன உருண்டைகளாக மாறின. செல்லின் நொதிப் பைகளான லைசோசோம்களுக்குச் சாயமேற்றிப் பார்த்தார். அவை உடையவே இல்லை. செல்லைச் செரிக்கும் நொதிகள் கசிந்துதான் செல் சாகிறது என்ற அன்றைய விளக்கம் இங்கே பொருந்தவில்லை. பிரிஸ்பேனுக்குத் திரும்பி எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அவற்றை மேலும் ஆராய்ந்து, 1971இல் 'சுருக்க அழிவு' என்ற பொருளில் ஒரு பெயரிட்டுக் கட்டுரை வெளியிட்டார்.

1970இல் பிரிஸ்பேனுக்கு வருகைப் பேராசிரியராகப் போன கரி, கெர்ரின் படங்களைப் பார்த்தார். கல்லீரலில் இருந்த அந்த உருண்டைகள் அபர்டீனில் தன் மாணவர் அட்ரீனலில் கண்டவையேதான். மறு ஆண்டு கெர் அபர்டீனுக்கு வந்தார். மூவரும் உட்கார்ந்து கல்லீரல், அட்ரீனல், ஹார்மோன் குறைந்ததும் சிறுக்கும் மார்பகக் கட்டிகள், கருவில் உருவாகும் உறுப்புகள் என்று எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்த்தார்கள். 1972இல் பிரிட்டிஷ் புற்றுநோய் இதழில் கட்டுரை வந்தது. செல்கள் பெருகுவதைப் போலவே செல்கள் கழிவதும் உடலின் அன்றாட வேலை, அதற்கென்று செல்லுக்குள்ளேயே ஏற்பாடு இருக்கிறது என்பது அவர்கள் வாதம். அபர்டீன் பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக் எடுத்துக் கொடுத்த 'அபோப்டோசிஸ்' என்ற பெயரோடு அது அச்சேறியது. அடுத்த ஆண்டே வைலி, அட்ரீனலில் ஏ.சி.டி.எச்.சின் பங்கைப் பற்றியும், பிறந்த எலிக்குட்டிகளின் அட்ரீனலில் இயல்பாக நடக்கும் சாவைப் பற்றியும் தனிக் கட்டுரைகளோடு வந்தார்.

கல்யாணம் முடிந்ததும் பந்தல்காரர்கள் வந்து தட்டியைச் சுருட்டி, கழிகளைக் கழற்றி, கயிற்றை மடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். புயலில் பந்தல் சாய்வது வேறு. இரண்டிலும் கடைசியில் பந்தல் இருக்காது என்பது மட்டுமே ஒற்றுமை. அபர்டீன் குழு பிரித்துக் காட்டிய வேறுபாடு இதுதான். புயல்வகைச் சாவில் செல் வெடித்து உள்ளிருப்பது சிந்தும். அதைத் துரத்திக்கொண்டு வெள்ளை அணுக்கள் வரும், வீங்கும், சிவக்கும். பந்தல்வகைச் சாவில் அக்கம்பக்கத்துக்குச் சேதியே தெரியாது.

திட்டப்படி நடக்கும் சாவு என்ற யோசனை இவர்களுக்கு முன்பே உலவியது உண்மை. 1842இல் கார்ல் ஃபோக்ட் தேரைக் கருவில் செல்கள் மறைவதைக் குறித்திருக்கிறார். 1885இல் வால்தர் ஃப்ளெமிங் சினைப்பை நுண்பைகளில் சிதையும் நியூக்ளியஸ்களை அழகாக வரைந்துவைத்தார். 1960களின் நடுவில் ரிச்சர்டு லாக்ஷின், கேரல் வில்லியம்ஸ் இருவரும் பட்டுப்பூச்சியின் தசைகள் கரைவதைப் பற்றி எழுதும்போது 'திட்டமிட்ட செல் மரணம்' என்ற தொடரையே பயன்படுத்தினார்கள். அவையெல்லாம் கருவளர்ச்சியின், உருமாற்றத்தின் விநோதங்களாகப் பார்க்கப்பட்டன. வளர்ந்த விலங்கின் முழுமையடைந்த சுரப்பியில், ஒரு ஹார்மோனைக் கொடுத்தும் எடுத்தும் அந்தச் சாவை நிறுத்தவும் தொடங்கவும் முடியும் என்று காட்டியதில்தான் அட்ரீனல் முன்னே நிற்கிறது. வேலை செய் என்று சொல்லும் ஹார்மோனே உயிரோடிரு என்றும் சொல்கிறது.

ஆனால், எலியின் உடலுக்குள் எது எதைச் செய்கிறது என்று பிரித்துச் சொல்வது கடினம். பிட்யூட்டரியை அடக்கினால் ஏ.சி.டி.எச். மட்டுமா குறைகிறது? ரத்த ஓட்டம், நரம்பு, மற்ற ஹார்மோன்கள் எல்லாம்தான் மாறுகின்றன. செல்லை வெளியே எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும். அங்கே பெரிய தடை ஒன்று இருந்தது. ஹார்மோன் சுரக்கும் செல்களைத் தட்டில் போட்டால் சில வாரங்களில் அவை இருந்த இடத்தில் இணைப்புத் திசுவின் நார்ச்செல்கள் மண்டிவிடும். மிஞ்சும் செல்களும் சுரப்பதை மறந்துவிடும்.

அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் கோர்டன் சாட்டோ இதற்கு எளிய தந்திரம் ஒன்றைக் கையாண்டார். லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த ஜப்பானிய வம்சாவளியினர் அவர். இரண்டாம் உலகப் போரின்போது பதின்ம வயதில் மன்சனார் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டிருந்தவர். அட்ரீனல் கட்டியின் செல்களைத் தட்டில் சில காலம் வளர்ப்பார், பிறகு எடுத்து எலிக்குள் ஏற்றுவார். எலிக்குள் கட்டிச்செல்கள் மட்டுமே பெருகும், நார்ச்செல்கள் பின்தங்கும். அந்தக் கட்டியை மீண்டும் தட்டுக்குக் கொண்டுவருவார். இப்படித் தட்டும் எலியுமாக மாறிமாறிப் போய்வந்ததில் களை நீங்கிப் பயிர் நின்றது. 1962இல் பியூனாசிசி, கோஹன் இருவரோடு சேர்ந்து அவர் இந்த முறையை வெளியிட்டார்.

1966இல் யோஷிஹிரோ யாசுமுரா, பியூனாசிசி, சாட்டோ மூவரும் அறிமுகப்படுத்திய ஒய்-1 என்ற எலி அட்ரீனல் செல்கள் இன்றும் ஆய்வகங்களில் வளர்கின்றன. யாசுமுராவின் பெயரை அறியாத இந்தியர்களும் அவருடைய இன்னொரு கைவேலையால் பயன்பெற்றிருப்பார்கள். 1962இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில், ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வெரோ செல்களை உருவாக்கியவர் அவர்தான். கொரோனாத் தடுப்பூசியான கோவாக்சின் அந்தச் செல்களில் தயாரானது. குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு வெரோ செல்களையே பயன்படுத்தியிருக்கிறது.

ஒய்-1 செல்கள் தட்டில் பரந்து தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஏ.சி.டி.எச். சில துளி விட்டால் கொஞ்ச நேரத்தில் உடலைச் சுருட்டி உருண்டையாகி, ஸ்டீராய்டுகளை ஊடகத்தில் கொட்டத் தொடங்கும். முதல்முறை பார்ப்பவர் செல் சாகிறது என்றே நினைப்பார். அது சாவில்லை, வேலை. இது எல்லோரையும் மகிழ்வித்தது. அடுத்து வந்தது குழப்பியது. 1971இல் மசுயி, கேரன் இருவரும் ஏ.சி.டி.எச். கொடுத்தால் ஒய்-1 செல்கள் பெருகுவதை நிறுத்திவிடுகின்றன என்று காட்டினார்கள். உடலுக்குள் சுரப்பியைப் பெருக்கவைக்கும் ஹார்மோன், தட்டில் பெருக்கத்தைத் தடுக்கிறது! கட்டிச்செல் என்பதால் கோளாறாக இருக்கலாம் என்று சிலர் சந்தேகித்தார்கள். 1975இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜே. ராமச்சந்திரனும் சுயாமாவும் கட்டியில்லாத சாதாரண அட்ரீனல் செல்களை வளர்த்து அதே விடையைக் கண்டார்கள். ராமச்சந்திரன் பின்னாளில் பெங்களூரில் அஸ்ட்ரா ஆய்வு மையத்துக்குத் தலைமை வகித்தவர்.

ஆக, பெருகு என்ற கட்டளையும் சுரந்திடு என்ற கட்டளையும் சாகாதே என்ற கட்டளையும் ஒன்றல்ல. உடலுக்குள் மூன்றும் சேர்ந்து ஒலித்ததால் ஒரே குரலாகக் கேட்டது, தட்டு அவற்றைப் பிரித்துக் காட்டியது. பெருக்கத்துக்கான குரல் வேறிடத்திலிருந்து வரலாம் என்பதற்கு 1977இல் ஒரு தடயம் கிடைத்தது. நார்ச்செல் வளர்ச்சிக் காரணி என்ற புரதம் மாட்டின் அட்ரீனல் செல்களைப் பெருகவைக்கிறது என்று கோஸ்போடரோவிச்சும் அவருடைய கூட்டாளிகளும் தெரிவித்தார்கள்.

தட்டில் செல் வளர்க்கும் எவருக்கும் தெரிந்த ரகசியம் ஒன்று உண்டு. உப்பு, சர்க்கரை, அமினோ அமிலம், வைட்டமின் எல்லாம் அளந்து கலந்தாலும் போதாது. கன்றுக்கருவின் ரத்தத்திலிருந்தோ குதிரை ரத்தத்திலிருந்தோ பிரித்த சீரம் கொஞ்சம் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் பெரும்பாலான செல்கள் நிற்காது. சீரத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது. அது சத்துணவு இல்லை, ஹார்மோன்களின் கலவை என்று சாட்டோ வாதிட்டார். 1976இல் ஹயாஷியும் அவரும் சீரத்தை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் குறிப்பிட்ட ஹார்மோன்களை மட்டும் ஊற்றிச் செல்களை வளர்த்துக் காட்டினார்கள். உணவு இருந்தும் செல் சாகிறது என்றால், அதற்குக் கிடைக்காதது பேச்சுத்துணைதான்.

அதே 1976இல் அட்ரீனலின் உட்பகுதியிலிருந்து வந்த ஒரு செல் லைன், இந்த வாதத்தைக் கண்ணெதிரே நடத்திக்காட்டும் கருவியானது. நியூ இங்கிலாந்து டீக்கனஸ் மருத்துவமனையில் வளர்ந்த ஒரு எலி இனத்தில், கதிர்வீச்சுக்குப் பின் அட்ரீனல் அகணியில் கட்டிகள் தோன்றியிருந்தன. அத்தகைய ஒரு கட்டியிலிருந்து லாயிட் கிரீன், ஆர்தர் டிஷ்லர் இருவரும் எடுத்த செல்கள்தான் பி.சி.12. அவை டோபமினும் நார்அட்ரீனலினும் சுரக்கும். நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தைக் கொடுத்தால் பிரிவதை நிறுத்திவிட்டு, ஒருவார காலத்தில் நீண்ட கிளைகளை விட்டு நரம்புச்செல்போல ஆகிவிடும். அந்தப் புரதம் உள்ளிட்ட வளர்ச்சிக் காரணிகளைக் கண்டறிந்ததற்காகத்தான் ரீட்டா லெவி-மோன்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் 1986இல் நோபல் பெற்றார்கள்.

செல் உருமாறும் வித்தையைப் பார்க்க ஆய்வகங்கள் வரிசையில் நின்று பி.சி.12ஐ வாங்கின. கிரீன் 1978இல் வேறொன்றைக் கவனித்து எழுதினார். சீரம் இல்லாத ஊடகத்துக்கு மாற்றினால் பி.சி.12 செல்கள் சில நாள்களில் செத்துவிடுகின்றன. ஊடகத்தில் நரம்பு வளர்ச்சிக் காரணி இருந்தால் பிழைக்கின்றன. கட்டியிலிருந்து வந்த செல். சாகாவரம் பெற்றதுபோல ஆண்டுக்கணக்கில் பெருகும் செல். அதற்கும்கூட இரு என்று சொல்ல ஒருவர் வேண்டியிருக்கிறது. இந்தச் சாவு எளிதில் தொடங்கக்கூடியது, எல்லாச் செல்லும் ஏறக்குறைய ஒரே காலத்தில் புறப்படும், எத்தனை தட்டு வேண்டுமானாலும் வைக்கலாம். எலியின் சுரப்பியில் நூற்றுக்கு ஒன்றாக, சில மணி நேரமே தென்படும் காட்சி, இங்கே லட்சக்கணக்கில் கிடைத்தது. 1990களில் கிரீனின் குழு எந்தெந்தப் பொருள்கள் இந்தச் செல்களைக் காப்பாற்றுகின்றன என்று பட்டியலிட்டது. 1995இல் மைக்கேல் கிரீன்பர்க், ரோஜர் டேவிஸ் குழுவினர், நரம்பு வளர்ச்சிக் காரணியைப் பறித்ததும் பி.சி.12க்குள் வாழ்வுக்கான சமிக்ஞைப் பாதை ஒன்று அடங்கி, சாவுக்கான பாதைகள் எழுவதைக் காட்டினார்கள். இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன, எது வெல்கிறதோ அதுவே செல்லின் கதி.

இதற்கிடையே வைலி சும்மா இருக்கவில்லை. கரியோடு எடின்பரோவுக்கு மாறியிருந்த அவர், அட்ரீனலின் கதையைத் திருப்பிப்போட்டார். 1936இல் ஹான்ஸ் செல்யே, துன்புறுத்தப்பட்ட எலிகளில் அட்ரீனல் பெருத்து, நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பி சிறுப்பதை எழுதியிருந்தார். தைமஸ் செல்களைச் சாகடிப்பது அட்ரீனல் செய்யும் ஸ்டீராய்டுதான். ஒரு ஹார்மோன் இல்லாவிட்டால் அட்ரீனல் செல் சாகிறது. அட்ரீனல் செல்லின் ஹார்மோன் வந்தால் தைமஸ் செல் சாகிறது. வைலி தைமஸ் செல்களைத் தட்டில் எடுத்து ஸ்டீராய்டு கொடுத்து, அவற்றின் டி.என்.ஏ.வைப் பிரித்து ஜெல்லில் ஓட்டினார். தாறுமாறாக நொறுங்கியிருந்தால் ஜெல்லில் நீண்ட தீற்றல் விழும். விழுந்ததோ ஏணிப்படிகள். ஒவ்வொரு படியும் சுமார் 180 முதல் 200 அலகு நீளத்தின் மடங்கு. டி.என்.ஏ. சுற்றிக்கொண்டிருக்கும் புரத உருளைகளுக்கு இடையே, ஏதோ ஒரு நொதி ஒழுங்காக வெட்டிக்கொண்டு போயிருக்கிறது. 1980இல் 'நேச்சர்' இதழில் இது வெளியானது. அதுவரை நுண்ணோக்கிக்காரர்களின் அபிப்பிராயமாக இருந்தது, இனி எந்த ஆய்வகமும் ஒரே நாளில் செய்துபார்க்கக்கூடிய சோதனையானது. 1996இல் ரொக்கோ கார்சியா, ஜொனாதன் டில்லி குழுவினர் எலி அட்ரீனலில் உடலுக்குள்ளும் கண்ணாடிக்குள்ளும் நடக்கும் சாவை ஆராய்ந்தபோதும் அளவுகோலாகக் கையில் எடுத்தது இந்த ஏணியைத்தான்.

1972 கட்டுரையை உலகம் உடனே ஏந்திக்கொண்டது என்று நினைத்தால் தவறு. பத்துப் பதினைந்து ஆண்டுகள் அது பெரும்பாலும் நோய்க்குறியியலாளர்களுக்குள்ளேயே கிடந்தது. மரபணுக்கள் வந்துதான் கதவைத் திறந்தன. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில் உருவாகும் 1,090 உடற்செல்களில் சரியாக 131 செல்கள் சாகின்றன. அதற்கான மரபணுக்களை ராபர்ட் ஹார்விட்ஸின் ஆய்வகம் 1986 முதல் வரிசையாகக் கண்டது. 1988இல் மெல்போர்னில் டேவிட் வாக்ஸ், பி.சி.எல்-2 என்ற மரபணு செல்லைப் பெருக்காமலே சாவிலிருந்து காக்கிறது என்று காட்டினார். 1992இல் லண்டனில் மார்ட்டின் ராஃப் இந்த இழைகளையெல்லாம் சேர்த்து, உயர்விலங்குகளில் ஏறக்குறைய எல்லாச் செல்களும் பிற செல்களிடமிருந்து தொடர்ந்து சமிக்ஞை பெற்றால்தான் உயிரோடிருக்கும் என்ற கருத்தை முன்வைத்தார். எலியின் அட்ரீனலில் இருபது ஆண்டுக்கு முன் கண்டது பொதுவிதியாகப் பேசப்பட்டது. 2002இல் புழு ஆய்வுக்காக பிரென்னர், சல்ஸ்டன், ஹார்விட்ஸ் மூவருக்கும் நோபல் கிடைத்தது. அபர்டீன் மூவரில் எவருக்கும் அது கிடைக்கவில்லை. கரி 1994இலேயே காலமாகிவிட்டார், கெர்ருக்கு 2000இல் ஹார்விட்ஸோடு சேர்த்து பால் எர்லிக் பரிசு கொடுத்தார்கள்.

மனித அட்ரீனலும் பிறந்த கையோடு இந்தச் சாவைச் சந்திக்கிறது. கருவில் இருக்கும்போது அட்ரீனல் உடலளவோடு ஒப்பிட்டால் மிகப் பெரியது. அதில் பெரும்பகுதி, கருப்பகுதி எனப்படும் உள்வட்டம். நஞ்சுக்கொடி ஈஸ்ட்ரோஜன் செய்யத் தேவையான மூலப்பொருளை அது தருகிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி போனதும் அதற்கு வேலையில்லை, சில வாரங்களில் சுரப்பி பாதி எடையாகிவிடுகிறது. 1999இல் ஸ்பென்சர், மெசியானோ, ஜாஃபி முதலியோர் மனித அட்ரீனலில் பெருக்கம் வெளிவிளிம்பிலும் அபோப்டோசிஸ் பெரும்பாலும் நடுப்பகுதியிலும் நடப்பதைப் பதிவுசெய்தார்கள். பச்சைக் குழந்தை பால் குடித்துத் தூங்கும் அந்த வாரங்களில், அதன் வயிற்றுக்குள் ஒரு சுரப்பியின் பாதி சத்தமில்லாமல் கழிந்துபோகிறது.

எலியின் செல் மனிதச் செல்லாகாது. ஒய்-1 கார்ட்டிசால் செய்யாது, பி.சி.12 அட்ரீனலின் செய்யாது. மனித அட்ரீனல் புறணிப் புற்றிலிருந்து வளர்த்த எச்295 செல்களை ஆதி கஸ்தர் குழுவினர் 1990இல் அறிமுகப்படுத்தினார்கள். வில்லியம் ரெய்னி 1990களில் அதிலிருந்து தட்டில் நன்றாக ஒட்டி வளரும் எச்295ஆர் வகையைப் பிரித்தெடுத்தார். புறணியின் மூன்று அடுக்குகளும் தனித்தனியே செய்யும் ஸ்டீராய்டுகள் அத்தனையும் இந்த ஒரே செல்லில் கிடைக்கும். ஒரு வேதிப்பொருள் ஹார்மோன் உற்பத்தியைக் குலைக்குமா என்று பார்க்க, பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு 2011இல் வகுத்த சர்வதேசச் சோதனை முறை இந்தச் செல்களில்தான் நடக்கிறது. அதில் ஒரு கண்டிப்பும் உண்டு. ஹார்மோன் குறைந்தால் மட்டும் போதாது, செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று தனியே அளந்தாக வேண்டும். செத்த செல்லும் சுரக்காதல்லவா?

இந்த மனிதச் செல்கள்தான் ஒரு பழைய மருந்தின் புதிரையும் அவிழ்க்க உதவின. 1940களின் இறுதியில் அமெரிக்காவில் நெல்சன், உட்டார்டு இருவரும் டி.டி.டி. பூச்சிமருந்தின் நெருங்கிய சகோதரப் பொருள் ஒன்றை நாய்களுக்கு உணவில் கொடுத்தபோது, அட்ரீனல் புறணி மட்டும் குறிவைத்தாற்போல அழிவதைக் கண்டார்கள். பெர்கன்ஸ்டால் 1960 வாக்கில் அதை அட்ரீனல் புற்று நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். மைட்டோடேன் என்ற பெயரில் 1970இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. ஏன் அட்ரீனலை மட்டும் தாக்குகிறது என்பதற்குச் சொல்லத்தக்க விடை 2015இல், ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் குழுவிடமிருந்து வந்தது. அட்ரீனல் செல் ஸ்டீராய்டு செய்வதற்காகக் கொழுப்பைக் குவித்துவைக்கும் செல். தனியாக இருந்தால் நஞ்சாகும் கொலஸ்ட்ராலை, கொழுப்பமிலத்தோடு இணைத்துப் பாதுகாப்பாகச் சேமிக்க அதற்கு ஒரு நொதி இருக்கிறது. மைட்டோடேன் அந்த நொதியைத் தடுக்கிறது. இணைக்கப்படாத கொலஸ்ட்ரால் உள்ளே ஏறி, புரதம் மடிக்கும் பட்டறையான அகச்சவ்வுப் பின்னலைத் திணறவைக்க, செல் தன்னைத் தானே கலைத்துக்கொள்ளும் பாதையில் இறங்குகிறது. எச்295 செல்களில் கண்ட விடை இது.

மருத்துவமனையில் இந்த மருந்தைக் கையாள்வது இன்றும் கயிற்றின்மேல் நடக்கும் வேலை. ரத்தத்தில் லிட்டருக்கு 14 முதல் 20 மில்லிகிராம் வரை இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். குறைந்தால் புற்றுச்செல் தப்பும், கூடினால் மூளையில் தடுமாற்றம் வரும். மருந்துக்கு நோய்ச்செல், நல்ல செல் என்ற பேதமும் தெரியாது. எதிர்ப்பக்கத்து நல்ல அட்ரீனலும் சேர்ந்தே கலைவதால், மைட்டோடேன் சாப்பிடும் நோயாளி தினமும் ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையும் சாப்பிட்டாக வேண்டியிருக்கிறது.